தடத்தில் முன்னால் நடந்த யேரோ

வாரோகோரு சந்தையில் ஸுமானா பல்லோவின் பட்டறை எது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கண் தெரியாத பிச்சைக்காரன்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப்போவான். இரும்பு வெட்டும் சத்தம்தான் அவனுக்கு வழி. பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு மழைக்காலம்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது மழையில் கூரை விழுந்தது. மோப்தி நகரத்துக்குப் போன வாத்தியார் திரும்பவே இல்லை. அதோடு என் படிப்பு முடிந்தது. அப்பாவின் துருத்தியை மிதித்தேன், ஒரு லாரி மெக்கானிக்கிடம் பற்றவைப்புக் கற்றேன், முப்பது வயதில் சொந்தப் பட்டறை போட்டேன். ஒருவனிடமும் கை நீட்டவில்லை. இன்று ஊரில் உள்ள இரும்புக் கதவுகளில் பாதி என் கைவேலை. பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது பழைய பருத்திக் கிடங்கை முகாமாக்கினார்கள்; அதன் வாசல் கதவை ஒன்பது நாளில் நிறுத்திக் கொடுத்தேன். லாரி மோதினாலும் வளையாத கதவு. அவர்கள் போனார்கள். அமைதிப்படையின் நீலத் தொப்பிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். இப்போது முகத்தைத் துணியால் மூடிய வேறு வெள்ளையர்கள் நம் சிப்பாய்களோடு இருக்கிறார்கள். கதவு அப்படியே நிற்கிறது.

என் பெருமை பேசத் தொடங்கினால் நிற்காது. யேரோ டிக்கோவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

யேரோ பெரிய வறட்சி வந்த வருடத்தில் பிறந்தவன். மாட்டுத் தடத்தின் ஓரத்தில், ஒரு முள்மர நிழலில் பிறந்தான் என்று அவனே சொல்வான். நெட்டையன், ஒட்டிய வயிறு, தலையில் எப்போதும் கூம்புத் தொப்பி. நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கம்பைத் தோளுக்குக் குறுக்கே போட்டு, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டு மணிக்கணக்கில் பேசுவான். சொந்தமாக அவனுக்கு இருபது மாடுகூட இல்லை. மற்றவர்களின் மாடு முந்நூறு அவன் பின்னால் வரும். ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். தன் மகள்களின் பேரைத்தான் மாற்றிச் சொல்வான்.

நான் கொல்லன் குலம், அவன் மாடு மேய்க்கும் ஃபுலானி குலம். எங்கள் இரண்டு குலத்துக்கும் பூட்டன் காலத்திலிருந்து கேலி உறவு உண்டு. கொல்லன் ஃபுலானியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஃபுலானியும் சொல்லலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. ஒருவன் பொருளை மற்றவன் பிடுங்கிக்கொண்டு போகலாம். பறிகொடுத்தவன் கோலாக் கொட்டை கொண்டுவந்து மீட்டுக்கொள்ள வேண்டும். அடிப்பதும் சபிப்பதும் கூடாது. கொல்லன் நின்ற இடத்தில் ஃபுலானி ரத்தம் சிந்தக்கூடாது. கொல்லன் வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டால் ஃபுலானி மறுக்கவும் கூடாது.

ஒருமுறை யேரோ என் பற்றவைப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் வேலை நின்றது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், அது ஒரு காளையின் கொம்பில் தொங்குகிறது.

"எங்கடா என் கண்ணாடி?" என்றேன்.

"காளைக்குக் கண் கூசுதுன்னு சொல்லுச்சு. அதுக்காவது பிரயோஜனப்படட்டும். உனக்கு இருக்கிற மூஞ்சிக்குக் கண்ணாடி ஒரு கேடா?"

"எங்க வீட்டு அடிமைப் பயலே, அந்தக் காளையை அறுத்துத் தின்னுடுவேன்."

"தின்னு. கரி தின்னு வளர்ந்த வாய்க்குக் கறி ருசி எங்க தெரியப்போகுது!"

அவன் மனைவி தாக்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். பன்னிரண்டு கோலா கொடுத்துக் கண்ணாடியை மீட்டேன். இப்படித்தான் முப்பது வருடம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த மாட்டுத் தடத்தில் ரத்தம் விழுந்தது. அறுவடை முடிந்ததும் மாடுகள் எல்லாம் வெள்ளம் வடிந்த ஆற்றுப்படுகைக்கு இறங்கும். வழியில் டோகோன் இனத்து உழவர்களின் ஊரான தெங்கேலேயின் கம்பு வயல்கள். அந்த வருடம் மழை பிந்தியது, அறுவடையும் பிந்தியது, மாடுகள் பொறுக்கவில்லை. வயலில் இறங்கிவிட்டன. டோகோன் இளைஞர்கள் வேட்டைத் துப்பாக்கியோடு வந்தார்கள். இரண்டு மேய்ப்பர்கள் செத்தார்கள். ஒருவன் யேரோவின் மூத்த மகன் சம்பா, பத்தொன்பது வயது. அடுத்த வாரமே தெங்கேலேயின் தானியக் குதிர்கள் எரிந்தன. யார் எரித்தது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. இதுதான் சமயம் என்று, காட்டில் மறைந்து ஜிஹாத் நடத்தும் காட்டுக்காரர்கள் ஃபுலானிப் பையன்களிடம் வந்து, "துப்பாக்கி நாங்க தர்றோம், வா" என்றார்கள். அவர்களிடம் போனவர்கள் முதலில் டோகோன் ஊர்களைச் சுட்டார்கள், பிறகு சிப்பாய்களை, பிறகு வரி கொடுக்காத தங்கள் ஆட்களையே.

நீலத் தொப்பிக்காரர்கள் மோப்தியில் ஒரு ஓட்டலில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். ஆளுக்கொரு பனியன், மீன் சோறு, குளிர்ந்த தண்ணீர் பாட்டில். மூன்று நாள் பேசினார்கள். எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தோம். தடத்தின் தொடக்கத்தில் வைக்க ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்றார்கள். நான்தான் செய்தேன், மூன்று மில்லி தகடு. ஒரே மாதத்தில் அதில் பதினான்கு ஓட்டை விழுந்தது. பலகை விழவில்லை, என் வேலை அப்படி. ஆனால் தடத்தில் ஒரு மாடும் இறங்கவில்லை.

சமாதானம் செய்தவன் யேரோ. செத்தவனின் தகப்பன். அவன் ஒரு சுரைக்குடுக்கை நிறையப் பாலை எடுத்துக்கொண்டு, கையில் கம்புகூட இல்லாமல் தெங்கேலேவுக்கு நடந்தான். முதல் நாள் கல்லால் அடித்தார்கள். குடுக்கையை ஊர் எல்லைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். மூன்று நாள் கழித்து மறுபடியும் போனான். பழைய பால் புளித்து நாறிக் கிடந்தது. கொட்டிவிட்டுப் புதுப் பால் வைத்தான். இப்படி இரண்டு மாதம். கடைசியில் அந்த ஊர்த் தலைவர் அத்திமே என்பவர் மரத்தடிக்கு வந்து நின்றார். அவர் பேச்சைக் குறைத்து வைத்திருப்பவர்.

"உன் புள்ளயைக் கொன்ன ஊருக்குப் பால் கொண்டு வர்றியே. விஷமா?" என்று கேட்டார்.

யேரோ பாதிக் குடுக்கையைக் குடித்துக் காட்டிவிட்டு வாயைத் துடைத்தான். "எனக்கு ஒரு தம்பி இருக்கான் பெரியவரே, பேரு பாத்தே. ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருக்கான். அவன் கைக்குத் துப்பாக்கி வர்றதுக்குள்ள நாம பேசி முடிச்சிடணும்."

பேச்சு முடிக்கும் நாளில் என்னை அழைத்தார்கள். கொல்லன் நடுவில் நின்றால் டோகோன்காரனும் கை ஓங்கமாட்டான். உளியும் சுத்தியும் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நின்றேன். முடிவு இது: தெங்கேலேயில் கடைசிக் கதிர் அறுக்கும் வரை மாடு தடத்தில் கால் வைக்கக்கூடாது. அறுத்து முடிந்ததும் அத்திமே ஒரு கம்பங்கதிரை அனுப்புவார். அப்போது ஒருவன் மந்தைக்கு முன்னால் வெறுங்கையோடு நடந்து வயல் எல்லைக்கு வரவேண்டும். தன் பேரையும் தகப்பன் பேரையும் சொல்லி, 'இந்த மாடுகள் செய்யும் குற்றம் என் தலைமேல்' என்று சொல்ல வேண்டும். ஏழு வருடம் யேரோ முன்னால் நடந்தான். ஏழு வருடமும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எந்த வெள்ளைக்காரனும் வந்து அதைப் பார்க்கவில்லை.

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமைச் சந்தை. யேரோ ஆட்டுச் சந்தைப் பக்கம் ஒற்றைக் காலில் நின்று யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தான். கழுத்தில் தோல் பை தொங்கியது. நான் பின்னால் போய், கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பையைக் கழற்றிக்கொண்டேன்.

"திருடன்! கரிமூஞ்சித் திருடன்!" என்று அவன் கத்தினான். ஆட்டுக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"பத்துக் கோலா. பட்டறை வாசல்ல மண்டி போட்டு, 'எசமானே'ன்னு சொல்லி வாங்கிக்க."

"டேய், அட்டை உள்ள இருக்குடா. அடையாள அட்டை."

"அடிமைக்கு எதுக்குடா அட்டை? யாராவது கேட்டா, கொல்லன் வீட்டு ஆளுன்னு சொல்லு, போதும்."

"இந்த ஆட்டை வித்துட்டு வர்றேன் இரு. உன் பட்டறைக் கூரையையே பிடுங்கிட்டுப் போறேன்."

நான் பையை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அட்டை இல்லாமல் இந்தக் காலத்தில் ஒரு ஃபுலானி வெளியே தலை காட்டக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சந்தை நம் சந்தை, பட்டறை கூப்பிடு தூரம், ஒரு மணி நேரத்தில் கோலாவோடு வந்துவிடுவான். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. இரண்டு ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து வந்தன, பட்டறைத் தகரம் அதிர்ந்தது. சிப்பாய்கள் மூன்று பக்கமும் அடைத்தார்கள். அவர்களோடு முகம் மூடிய வெள்ளையர்கள். பெண்களை மசூதிப் பக்கம் துரத்தினார்கள். ஆண்களை ஆட்டுச் சந்தையில் மண்டியிட வைத்தார்கள்.

நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். மாவு மில் முனையில் ஒரு சிப்பாய், மீசை முளைக்காதவன், துப்பாக்கியை என் நெஞ்சில் வைத்தான்.

"எங்க ஓடுற கெழவா? வீட்டுக்குப் போ."

"தம்பி, ஒரு ஆளோட அட்டை என்கிட்ட மாட்டிக்கிச்சு. கொடுத்துட்டு வந்துடுறேன். இந்தா, நீயே வேணாலும் கொண்டு போய்க் கொடு."

"இன்னும் ஒரு அடி வச்சே, நீயும் அங்கதான் போய் மண்டி போடுவ."

அவன் தோளுக்கு மேல் எனக்குக் கூட்டம் தெரிந்தது. எழுபது எண்பது முதுகுகள். யேரோவின் கூம்புத் தொப்பியும் தெரிந்தது. பேர் சொல்லிக் கத்தியிருந்தால் அவன் காதில் விழுந்திருக்கும். பையை உயர்த்திக் காட்டியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவன் கிடையாது. அன்று அது திறக்கவில்லை. திரும்பி நடந்தேன். மாலைத் தொழுகைக்குள் லாரிகள் போய்விட்டன.

மறுநாள் விடியும்போது முகாம் வாசலில் இருந்தேன். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். நான் செய்த கதவு. அதன் ஒவ்வொரு மூட்டும் எனக்குத் தெரியும். கீழ்க்கீல் வெயிலில் சற்று இறங்கும், திறக்கும்போது தூக்கித் தள்ள வேண்டும். காவலாளிக்கு அது தெரியாமல் இழுத்து இழுத்துப் பார்த்தான். சொல்லிக் கொடுத்தேன். அட்டை விஷயத்தையும் சொன்னேன். "அதை அதிகாரி வந்தா அவர்கிட்டயே குடுங்க பெரியவரே, இப்ப தள்ளிப் போய் நில்லுங்க" என்றான்.

எதிரே வேலமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாக்கோ துணியில் கம்பங்களியும் காய்ந்த மீனும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். பாத்தே அவளருகில் நிற்காமல் தூரத்தில் பைக் மேல் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, அண்ணனின் நெட்டை உண்டு, சிரிப்பு கிடையாது. அட்டை என்னிடம் இருப்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. அட்டை கைமாறியதும் அவன் வெளியே வந்துவிடுவான், அப்புறம் எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டட்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் அத்திமே வந்தார். கழுதை வண்டியில், ஒரு ஃபுலானிக்காகப் பேச, டோகோன் தலைவர். அவர் ஊரிலேயே இதற்காக அவரைச் சுடத் தயங்காதவர்கள் உண்டு. காவலாளியிடம் போய், "யேரோ டிக்கோவுக்கு நான் சாட்சி. அவன் காட்டுக்காரன் இல்ல. அதிகாரியைக் கூப்பிடு" என்றார். அதிகாரி வரவில்லை. அத்திமே போகவும் இல்லை. வேலமரத்தடியில் ஃபுலானிப் பெண்களுக்கு நடுவில் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் கதவு திறந்தது. முப்பத்தோரு பேரை வெளியே விட்டார்கள். உதடு வெடித்து, செருப்பில்லாமல் வந்தார்கள். பெண்கள் அழுதுகொண்டு ஓடினார்கள். முப்பத்தோரு முகத்தையும் பார்த்தேன். யேரோ இல்லை. சந்தையில் தேநீர் விற்கிற லாஸினியைப் பிடித்துக்கொண்டேன்.

"யேரோ எங்க?"

"முதல் நாளே பிரிச்சிட்டாங்க. அட்டை இருக்கிறவன் இந்தப் பக்கம், இல்லாதவன் அந்தப் பக்கம். எங்க அட்டையெல்லாம் வாங்கிப் பார்த்துட்டு இன்னைக்கு விட்டுட்டாங்க."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

லாஸினி என் கழுத்தைப் பார்த்தான். பை அங்கேயே தொங்கியது. "சொன்னான். 'என் அட்டை கொல்லன்கிட்ட இருக்கு, அவன் பிடுங்கிட்டுப் போயிட்டான், இப்ப கொண்டு வருவான்'னு. முதல்ல சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அந்த வெள்ளைக்காரனுக்கு நம்ம பேச்சு ஒண்ணும் புரியல. கூட இருந்த சிப்பாய் தெற்குச் சீமைக்காரன், அவனுக்கும் புரியல. அப்புறம் சிரிக்கல."

இதை தாக்கோ கேட்டாள். பாத்தேயும் கேட்டான்.

நான்காம் நாள் அதிகாரி வந்தார். பையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். இப்படி ஒருவனுக்கும் நான் நீட்டியதில்லை.

"ஐயா, இவன் யேரோ டிக்கோ. குற்றம் என்னோடது. விளையாட்டுக்கு எடுத்தேன். எங்க ஊர்ப் பழக்கம்."

"மாட்டுக்காரனோட அட்டையை எடுக்கிறது பழக்கமா?"

"ஆமாங்கய்யா. கொல்லனுக்கும் ஃபுலானிக்கும் கேலி உறவு. உங்க ஊர்லயும் யாருக்காவது இருக்கும்."

அவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். அவருக்கும் ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊரிலும் இந்த உறவு இருக்கிறது, அவர் முகத்தில் அது தெரிந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளையன் ஏதோ கேட்டான். அவர் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் வரை நின்றேன். கார்ப்போரல் பஸேகு காவலுக்கு வந்தான். அவன் குடும்பம் எங்கள் ஊரில் வாடகைக்கு இருக்கிறது. வீட்டு ஜன்னல் கம்பி நான் போட்டது. சிகரெட் பற்றவைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினான்.

"வீட்டுக்குப் போங்க பெரியவரே. இனிமே நிக்காதீங்க."

"அட்டை குடுத்திருக்கேன்பா. உள்ள போயிருக்கு."

"அட்டை இல்லாதவங்களை வியாழக்கிழமை பொழுது சாயறப்பவே கொண்டு போயிட்டாங்க. லாரி காலியாத்தான் திரும்பி வந்துச்சு."

"எங்க கொண்டு போனாங்க?"

"கேக்காதீங்க. எனக்கும் புள்ளக்குட்டி இருக்கு."

வியாழக்கிழமை. நான் முதல் தடவை இந்தக் கதவைத் தட்டியதே வெள்ளிக்கிழமை. நான்கு நாளாக நான் நின்றது செத்தவனுக்காக. அன்று வானொலியில் செய்தி வாசித்தார்கள்: வாரோகோரு பகுதியில் நாற்பத்தாறு பயங்கரவாதிகள் ஒழிக்கப்பட்டனர், நட்பு நாட்டு வீரர்களின் உதவியோடு. எங்கே கொன்றார்கள், எங்கே போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. உடல் கிடைக்கவில்லை. அரசு அலுவலகத்தில் சாவுச் சான்று கேட்டால் உடல் எங்கே என்கிறார்கள்.

மறுநாள் காலை யேரோவின் குடியிருப்புக்குப் போனேன். அத்திமே வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். அவர் இறங்காமல் வண்டியிலேயே இருந்தார்.

தாக்கோ பாய்க்குடிசை வாசலில் இருந்தாள். பஸேகு சொன்னதைச் சொன்னேன். பை இருந்த கதையை மறுபடி முழுக்கச் சொன்னேன், மாவு மில் முனையில் வாய் திறக்காமல் திரும்பியதையும் சேர்த்து. அது ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அவள் எழுந்து போய் ஒரு குடுக்கைப் பால் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க அண்ணே."

"தாக்கோ, என்னைத் திட்டு. காறித் துப்பு."

"கொல்லனைச் சபிக்க எங்களுக்கு நாக்கு இல்ல அண்ணே. உங்க பூட்டனும் எங்க பூட்டனும் அதையும் சேர்த்துத்தான் கட்டி வச்சிட்டுப் போனாங்க. இல்லேன்னா இன்னைக்கு உங்களுக்கு என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியும். குடிங்க."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குடித்து முடித்தேன்.

"பின்னாடி பாத்தே வண்டிக்குப் பெட்ரோல் ஊத்திக்கிட்டிருக்கான்," என்றாள். "காட்டுக்காரங்க ரெண்டு பேர் கூப்பிட வந்திருக்காங்க. நான் கால்ல விழுந்து பார்த்துட்டேன், கேக்கல. நீங்க கேட்டா அவன் மறுக்க முடியாது. போய்க் கேளுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

குடிசைக்குப் பின்னால் போனேன். தலைப்பாகையால் வாயை மூடிய இருவர் ஒரு பைக்கில் காத்திருந்தார்கள். பாத்தே தன் பைக்கில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"கேக்காதீங்க கொல்லரே," என்றான். "வாயைத் திறக்காதீங்க. என் மாட்டை எல்லாம் ஓட்டிக்கிட்டுப் போங்க. இந்த வண்டியை எடுத்துக்கோங்க. இதை மட்டும் கேக்காதீங்க."

"இதைத்தான் கேக்குறேன் பாத்தே. நீ போகக்கூடாது."

"நீங்களா? நீங்க கேக்குறீங்களா?"

"நான்தான்."

"அன்னைக்குத் திறக்காத வாய் இன்னைக்கு நல்லாத் திறக்குதே!" நான் தாக்கோவிடம் சொன்னதைப் பாய்ச்சுவர் வழியாகக் கேட்டிருக்கிறான்.

"ஆமா. திறந்துட்டேன். கேட்டதைத் திருப்பி எடுக்க மாட்டேன்."

வந்த இருவரில் ஒருவன், "பழைய கதையெல்லாம் இன்னும் மதிக்கிறியாடா?" என்று சிரித்தான். பாத்தே அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் இடுப்பில் கத்தி இருந்தது, அதன் மேல் கை போனது, திரும்பி வந்தது. கட்டிய மூட்டையை அவிழ்த்துத் தரையில் போட்டான். அந்த இருவரும் காறித் துப்பிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"சரி. போகல," என்றான் பாத்தே. "ஆனா அண்ணன் செஞ்ச வேலையை நான் செய்ய மாட்டேன். அவனைக் காப்பாத்தாத சமாதானத்துக்கு முன்னால நான் வெறுங்கையோட நடக்க மாட்டேன். கதிர் வரும். அன்னைக்கு நீங்க நடங்க. மாட்டுக் குத்தம் உங்க தலையில ஏறட்டும்."

கொல்லன் மந்தைக்கு முன்னால் நடந்ததாக இந்தச் சீமையில் கதைகூடக் கிடையாது. எனக்கு மாட்டைக் கண்டால் ஆகாது. பேர் தெரியாது, கூப்பிடத் தெரியாது. ஆனால் நான் கேட்டதை அவன் மறுக்கவில்லை. நான் எப்படி மறுப்பேன்?

இரண்டு மாதம் கழித்துத் தெங்கேலேயிலிருந்து கதிர் வந்தது. பட்டறையை மூடினேன். கொண்டுவந்த ஆளிடம் அத்திமே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: இந்த வருடம் தன் ஊர்ப் பையன்கள் துப்பாக்கியை வீட்டில் வைக்க மறுக்கிறார்கள். யேரோவுக்கு அவர்கள் தலை வணங்கினார்கள். வேறு யாருக்கும் வணங்குவார்களா என்று தெரியாது.

அதிகாலையில் கிளம்பினோம். பின்னால் முந்நூறு மாடு, மேய்ப்பர்கள் ஒன்பது பேர். மந்தைக்குக் கடைசியில் பாத்தே. நான் முன்னால், வெறுங்கையோடு. கால் மணி நேரத்திலேயே முட்டி வலித்தது. என் பழைய பெயர்ப்பலகை நிற்கிறது. ஓட்டைகள் துருப்பிடித்துப் பெரிதாகியிருந்தன. ஒருமுறை ஒரு பசு வரிசையை விட்டு விலகி என்னை உரசிக்கொண்டு வந்து, என்னைத் தாண்டி முன்னால் நடந்தது. அதன் பேரைச் சொல்லி நிறுத்த எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு மேய்ப்பன் ஓடி வந்து திருப்பினான்.

வயல் எல்லையில் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். அறுத்த கம்பந்தாள்கள் அவர்கள் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தன. தோளில் துப்பாக்கிகள், இரண்டு மூன்று பேர் கையிலேயே வைத்திருந்தார்கள். நடுவில் அத்திமே. நான் பத்தடி முன்னால் நின்றேன். மந்தை எனக்குப் பின்னால் நின்றது. மூச்சு முதுகில் பட்டது.

"யேரோ எங்க?" என்று துப்பாக்கி வைத்திருந்த ஒருவன் கேட்டான். தெரிந்துகொண்டே கேட்டான்.

"செத்துட்டான்."

"நீ யாரு?"

"ஸுமானா பல்லோ. கொல்லன் நியாமே பல்லோவோட மகன்." என் குரல் அந்த வெளியில் சின்னதாகக் கேட்டது. "அட்டை இல்லாததால அவனைக் கொன்னாங்க. அட்டை என்கிட்ட இருந்துச்சு. நான்தான் பிடுங்கினேன். இந்த மாடுகள் செய்யும் குற்றம் என் தலைமேல். அந்தக் குற்றமும் என் தலைமேல்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டவன் துப்பாக்கியை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. அத்திமே தடத்தை விட்டு ஓரமாக விலகி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் விலகினான். பிறகு இன்னொருவன். கேட்டவன் கடைசியாக விலகினான்.

மாடுகள் கடந்து முடிய நடுப்பகல் தாண்டிவிட்டது. ஒரு கன்று மட்டும் தாள்களுக்குள் புகுந்தது. அங்கே தின்ன ஒன்றும் இல்லை. கடைசி மாட்டுக்குப் பின்னால் பாத்தே வந்தான். என்னைத் தாண்டும்போது நின்றான். கம்பைத் தோளுக்குக் குறுக்கே போட்டிருந்தான்.

"அடுத்த வருஷமும் நீங்கதான்," என்றான். மந்தையின் பின்னால் நடந்து போனான்.